பிள்ளைகள் கேள்வி கேட்கும் வீடு

நேயர்களே, உங்கள் அனைவருக்கும் என் அன்பின் வணக்கம்.

கிறிஸ்தவக் குடும்பத்தில் விசுவாசத்தைக் கொண்டாடுவது பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். கொண்டாட்டம் என்றதும் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், ஞானஸ்நானம், திருமணம் என்று பெரிய நாட்கள்தான் முதலில் மனதில் வரும். அவற்றைப் பற்றியும் பேசுவேன். ஆனால் பல வருஷமாக ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளோடு இருந்ததில் எனக்குப் பட்ட ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு வீட்டில் விசுவாசம் உயிரோடு இருக்கிறதா என்பதை, அந்த வீட்டுப் பிள்ளை ஒப்பிக்கிற வசனத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒப்பிக்க யாரும் பழக்கிவிடலாம். அந்தப் பிள்ளை என்ன கேள்வி கேட்கிறது, தயங்காமல் கேட்கிறதா என்று கவனித்தால் தெரிந்துவிடும். வீட்டில் கேட்டுப் பழகிய பிள்ளைதான் வெளியிலும் கேட்கும்.

வேதாகமத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. யாத்திராகமம் பன்னிரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்படுகிற இரவு. அன்றைய பஸ்கா விருந்தை எப்படிப் புசிக்க வேண்டும் என்று கர்த்தர் சொல்கிறார். இடுப்பில் கச்சை கட்டியிருக்க வேண்டும், காலில் பாதரட்சை இருக்க வேண்டும், கையில் தடி இருக்க வேண்டும், அவசரமாகச் சாப்பிட வேண்டும். வீட்டுக்குள் தடியைப் பிடித்துக்கொண்டு யாராவது சாப்பிடுவார்களா? ஒரு சின்னப் பிள்ளை இதைப் பார்த்தால் சும்மா இருக்குமா? இதை வருஷாவருஷம் ஆசரிக்க வேண்டும் என்று சொன்ன கையோடு, அதே அதிகாரத்தில் இந்த வார்த்தையும் வருகிறது: “இந்த ஆராதனையின் கருத்து என்ன” என்று உங்கள் பிள்ளைகள் உங்களைக் கேட்டால், இப்படிச் சொல்லுங்கள். கேட்பார்கள் என்று கர்த்தருக்குத் தெரியும். பிள்ளை வாய் திறந்து கேட்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பண்டிகை அப்படி அமைந்திருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

யோசுவாவின் புத்தகத்திலும் இதே போலத்தான். யோர்தானைக் கடந்ததும், ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து வரச் சொல்கிறார்கள். எதற்கு? பின்னாளில் பிள்ளைகள் “இந்தக் கற்கள் ஏது” என்று கேட்பதற்கு. உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் மகன் கட்டளைகளைப் பற்றிக் கேட்கிறான். தகப்பன் அவனுக்கு விளக்கவுரை எதுவும் சொல்லவில்லை. “நாங்கள் எகிப்திலே பார்வோனுக்கு அடிமைகளாயிருந்தோம்” என்று ஆரம்பிக்கிறான். நாங்கள் என்கிறான், கவனியுங்கள். தன் கதையாகவே சொல்கிறான்.

அதனால் பெரிய நாட்களை எப்படிக் கொண்டாடுவது என்று யாராவது என்னிடம் கேட்டால், பிள்ளை ஏன், எதற்கு என்று கேட்கும்படி ஏதாவது ஒன்றை வீட்டில் வையுங்கள் என்பேன். கிறிஸ்துமஸுக்கு முன் வரும் ஆகமன காலத்தில் நான்கு மெழுகுவர்த்திகளோடு ஒரு பசுமை வளையம் வைக்கிறார்களே, அதன் பிறப்பும் இப்படித்தான். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற போதகர் 1833-ல் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு இல்லம் தொடங்கினார். டிசம்பர் வந்துவிட்டால் அந்தப் பிள்ளைகள் தினமும் அவரைப் பிடித்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் வந்துவிட்டதா, இன்னும் எத்தனை நாள் என்று கேட்பார்களாம். 1839-ல் அவர் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து, வார நாட்களுக்குச் சின்ன மெழுகுவர்த்திகளும், ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நான்கு பெரிய மெழுகுவர்த்திகளும் அதன்மேல் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் வீட்டில் வளர வழியில்லாதவர்கள். அவர்களுக்கு ஒரு வீடு எப்படி இருக்க வேண்டும் என்று அந்த மனிதர் யோசித்திருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

ஆனால் வருஷத்தில் பெரிய நாட்கள் சில மட்டுமே. மற்ற நாட்களில்தான் குடும்பம் குடும்பமாக இருக்கிறது. “நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும்” என்று உபாகமம் சொல்வது இந்தச் சாதாரண நாட்களைத்தான்.

1528-ல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள சபைகளைப் பார்க்கப் போனார். மக்களுக்கு விசுவாசத்தின் அடிப்படைகளே தெரியவில்லை என்று கண்டு மனம் வெந்து திரும்பினார். மறு வருஷமே சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாட நூலை எழுதினார். குடும்பத் தலைவர் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லித்தர வேண்டிய விதம் என்றே அதன் பகுதிகளுக்குத் தலைப்பு வைத்தார். ஒவ்வொரு கட்டளையைச் சொன்னதும் “இதற்கு அர்த்தம் என்ன?” என்று ஒரு கேள்வி வரும். பாருங்கள், இங்கேயும் ஒரு பிள்ளையின் கேள்விதான். அதிலேயே காலை ஜெபமும் மாலை ஜெபமும் கொடுத்திருக்கிறார். காலை ஜெபம் முடிந்ததும் பாடிக்கொண்டு சந்தோஷமாக வேலைக்குப் போ என்கிறார். இரவு ஜெபம் முடிந்ததும் உடனே சந்தோஷமாகத் தூங்கு என்கிறார். குடும்ப ஜெபம் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். சுருக்கமாக இருக்கட்டும். பிள்ளை கொட்டாவி விடுவதற்குள் முடியட்டும். ஆனால் தினமும் நடக்கட்டும்.

குடும்ப ஜெபத்தைப் பற்றி இன்னொன்றும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். பெரியவர்களாகிய நாம் பிள்ளையை நேரடியாகத் திட்ட முடியாததை ஜெபத்தில் திட்டிவிடுகிறோம். “ஆண்டவரே, இந்தப் பையன் எந்நேரமும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான், இவனுக்கு நல்ல புத்தியைக் கொடும்” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். ஆண்டவரிடம் பேசுவது போல இருக்கும், ஆனால் பேச்சு பையனிடம்தான். அவனுக்கு அது நன்றாகத் தெரியும். இப்படிச் சில மாதம் நடந்தால் ஜெபம் என்றாலே தலைகுனிந்து ஏச்சு வாங்குகிற நேரம் என்று அவன் மனதில் பதிந்துவிடும். பிள்ளையைப் பற்றிக் கவலை இருந்தால், பிள்ளை தூங்கினபிறகு முழங்கால் போடுங்கள். யோபு அப்படித்தான் செய்தார். தன் பிள்ளைகளின் விருந்து நாட்கள் முடிந்ததும் அதிகாலையில் எழுந்து, ஒவ்வொருவருக்காகவும் சர்வாங்க தகனபலி செலுத்தினார் என்று முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது. பிள்ளைகள் கூடியிருக்கும்போது உங்களுக்காகக் கேளுங்கள். “இன்றைக்கு நான் பயந்துபோய் இருக்கிறேன் ஆண்டவரே, உதவி செய்யும்” என்று ஒரு தகப்பன் சொல்வதை மகன் கேட்டால், அவன் அதை மறக்கமாட்டான்.

கணவன் மனைவிக்குள் பேச்சு நின்றுபோன நாளில் என்ன செய்வது? பேதுரு புருஷர்களுக்கு எழுதும்போது, மனைவிக்கு உரிய மரியாதையைக் கொடுங்கள், உங்கள் ஜெபங்களுக்குத் தடை வராதபடிக்கு என்று எழுதுகிறார். வீட்டில் மரியாதை இல்லாவிட்டால் ஜெபம் மேலே போகாது என்று அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். “அம்மாவும் அப்பாவும் ஏன் பேசல?” என்று பிள்ளை கேட்டால், அதுவும் விசுவாசத்தைப் பற்றிய கேள்விதான். மன்னிப்பைப் பற்றி ஞாயிறு பள்ளியில் நான் எத்தனை பாடம் நடத்தினாலும், அன்று இரவு அந்தப் பிள்ளை பார்க்கப் போவதுதான் அதன் மனதில் நிற்கும்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். சுசன்னா வெஸ்லி, 1669 முதல் 1742 வரை இங்கிலாந்தில் வாழ்ந்தவர், எப்வொர்த் என்ற ஊரின் குருவானவருடைய மனைவி. பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றார், அவர்களில் ஒன்பது பேரைக் குழந்தையாகவே இழந்தார். கடன் தொல்லை. 1709-ல் வீடு தீப்பிடித்தது. அத்தனை நெருக்கடியிலும் அவர் ஒரு ஏற்பாடு செய்தார். வாரத்தில் ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளைக்கு. அந்தப் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசுவார். வியாழக்கிழமை ஜானுக்கு, சனிக்கிழமை சார்லஸுக்கு. பிற்காலத்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும், ஆயிரக்கணக்கான ஞானப்பாட்டுகளை எழுதிய சார்லஸ் வெஸ்லியும்தான் அவர்கள். ஜான் வளர்ந்து, குருப்பட்டம் பெற்று, ஆக்ஸ்ஃபோர்டில் பணிசெய்த காலத்தில் தாய்க்குக் கடிதம் எழுதும்போது, அந்த வியாழக்கிழமை மாலையில் ஒரு சிறிய பங்கையாவது எனக்குத் தர முடியுமா என்று கேட்கிறார். ஏறக்குறைய முப்பது வயது மகன்! அவருக்கு அந்த மாலை நேரம் எவ்வளவு அருமையாக இருந்திருக்க வேண்டும்.

நம் வீடுகளில் இரண்டு மூன்று பிள்ளைகள்தான் இருப்பார்கள். வேலையும் அலைச்சலும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் வாரத்தில் ஒரு அரைமணி நேரம் ஒரு பிள்ளையோடு தனியாக, போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்கார முடியும். வேதத்தை உடனே திறக்க வேண்டியதில்லை. பேச்சு எங்கே தொடங்கினாலும் சரி. கூடப் பிறந்தவர்கள் முன்னால் கேட்க வெட்கப்பட்ட கேள்வி அப்போதுதான் வெளியே வரும்.

சில வீடுகளில் குடும்ப வேதாகமம் என்று ஒன்று இருக்கும். அட்டை தேய்ந்து, முனைகள் மடங்கி, முதல் பக்கத்தில் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், மரணம் எல்லாம் கையால் எழுதியிருக்கும். தாத்தாவின் எழுத்து ஒரு மாதிரி இருக்கும், அப்பாவின் எழுத்து வேறு மாதிரி. ஒரு வீட்டில் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் ஒரு பெயரின்மேல் விரலை வைத்தாள். பிறந்த தேதிக்கும் இறந்த தேதிக்கும் நடுவில் சில நாட்களே. “இது யார் பாட்டி?” என்று கேட்டாள். பாட்டி சற்று நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “உன் அப்பாவுக்கு அண்ணன். அவனுக்காக நாங்கள் எவ்வளவு ஜெபம் பண்ணினோம் தெரியுமா?” “அப்புறம் ஏன் செத்துப்போனான்?” “எனக்குத் தெரியாதுடா கண்ணு. ஆண்டவரைப் பார்க்கும்போது நானே கேட்க வேண்டும் என்று இருக்கிறேன்.” அந்தப் பாட்டி தன் துக்கத்தையும் தன் நம்பிக்கையையும் ஒன்றாகப் பேத்தியின் கையில் கொடுத்தார். இதைவிட நல்ல பதிலை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பக்கம் இல்லையென்றால் ஆரம்பித்துவிடுங்கள். பிள்ளைகளின் ஞானஸ்நான நாளையும் அதில் எழுதி வையுங்கள். பிறந்தநாளுக்கு நாம் காட்டும் அக்கறையில் கொஞ்சம் அந்த நாளுக்கும் வரட்டும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிற சிலர், எங்கள் வீடு அப்படி இல்லையே என்று நினைக்கலாம். கணவருக்கு நம்பிக்கை இல்லை, அல்லது மனைவிக்கு இல்லை, தனியாகத்தான் ஜெபிக்கிறேன் என்று இருக்கலாம். அப்போஸ்தலன் பவுலின் உடன் ஊழியனான தீமோத்தேயுவின் வீடும் அப்படித்தான். அவனுடைய தாய் விசுவாசமுள்ள யூத ஸ்திரீ, தகப்பன் கிரேக்கன் என்று அப்போஸ்தலர் பதினாறாம் அதிகாரம் சொல்கிறது. ஆனாலும் பவுல் எழுதும்போது, அந்த விசுவாசம் முதலில் உன் பாட்டி லோவிசாளுக்குள்ளும் உன் தாய் ஐனிக்கேயாளுக்குள்ளும் இருந்தது என்று இரண்டு பெண்களின் பெயரைச் சொல்லி எழுதுகிறார். தீமோத்தேயு சிறுவயதுமுதல் வேத எழுத்துக்களை அறிந்தவன். யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னும் சிலருக்கு வேறு வேதனை. பிள்ளை வளர்ந்துவிட்டான், குடும்ப ஜெபத்துக்கு வருவதில்லை, ஆலயத்துக்கும் வருவதில்லை. சின்ன வயதில் கேட்ட கேள்விகளையே இப்போது கோபத்தோடு கேட்கிறான். எங்கே தவறினோம் என்று இரவெல்லாம் தூக்கம் இல்லை. இந்தப் பெற்றோரிடம் நான் தனியாகப் பேச விரும்புகிறேன். நாசரேத்து வீட்டைப் பாருங்கள். இயேசுவின் சகோதரர்களே அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் ஏழாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறது. அவர் மதிமயங்கியிருக்கிறார் என்று சொல்லி அவருடைய இனத்தார் அவரைப் பிடித்துக்கொண்டுவர வந்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். உலகத்திலேயே மேலான வீடு என்று நாம் நினைக்கிற வீட்டில், மரியாள் என்ற தாய் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பிறகு அப்போஸ்தலர் முதல் அதிகாரத்துக்கு வாருங்கள். எருசலேமில் ஒரு மேல்வீட்டு அறை. யார் யார் கூடி ஜெபித்தார்கள் என்று லூக்கா சொல்கிறார். சீஷர்கள், ஸ்திரீகள், இயேசுவின் தாயாகிய மரியாள், “அவருடைய சகோதரர்”. அந்த மகன்கள் தாயோடு சேர்ந்து அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான யாக்கோபு பிறகு எருசலேம் சபையையே நடத்தினார்.

ஆகவே உங்கள் மகன் வராத இரவிலும் ஜெபத்தை நிறுத்தாதீர்கள். அவன் அறைக் கதவைத் தட்டி, “ஜெபம் பண்ணப் போகிறோம், வருகிறாயா?” என்று ஒருமுறை கேளுங்கள். வரவில்லையென்றால் கோபப்படாமல் போய் ஜெபியுங்கள். நாளைக்கும் கேளுங்கள். அவன் சாப்பிட உட்காரும்போது கேட்கிற கோபமான கேள்விக்கும் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள்.

பொறுமையோடு கேட்டுக்கொண்டிருந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.