நியூபோர்ட் வணிகர் ஆரன் லோபஸ்

அவையோரே,

அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், நியூபோர்ட் துறைமுகத்தில், 1763 டிசம்பரில் திறக்கப்பட்ட யூதத் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. அதற்கு 1759-இல் அடிக்கல் இட்டவர்களில் ஒருவர் ஆரன் லோபஸ்.

யூத மதம் தடைசெய்யப்பட்டிருந்த போர்த்துகலின் லிஸ்பனில் 1731-இல் பிறந்தபோது அவர் பெயர் துவார்த்தே. ஊருக்குக் கத்தோலிக்கர், வீட்டுக்குள் யூதர். 1752-இல் மனைவி அன்னாவோடும் மகளோடும் நியூபோர்ட் வந்ததும் விருத்தசேதனம் செய்துகொண்டு ஆரன் ஆனார். அன்னா அபிகாயில் ஆனார். யூத முறைப்படி இருவரும் மீண்டும் மணந்துகொண்டார்கள். அபிகாயில் 1762-இல் இறந்தபின், ஜேக்கப் ரிவேராவின் மகள் சாரா இரண்டாம் மனைவியானார்.

லோபஸுக்குச் செல்வம் தந்தவற்றில் ஒன்று மெழுகுவத்தி. அந்தத் தொழிலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுக்கும் கொழுப்பைச் செப்புக் கொப்பரையில் காய்ச்சி அழுக்கு நீக்கிப் பீப்பாய்களில் அடைப்பார்கள். குளிர்காலத்தில் அது உறையும். உறைந்ததைக் கம்பளிப் பைகளில் போட்டு மரச்செக்கில் அழுத்தினால் வடிவதுதான் விளக்கெரிக்கும் முதல்தர எண்ணெய், கடுங்குளிரிலும் உறையாது. எஞ்சிய கட்டியை உருக்கி, வசந்த காலத்தில் மறுபடி அழுத்துவார்கள். கடைசியில் மிஞ்சும் மெழுகைச் சாம்பற்காரம் சேர்த்துக் காய்ச்சினால் வெளுக்கும். எண்ணெய் சரியாகப் பிரியாவிட்டால் திரி புகையும், வத்தி மஞ்சளித்து இளகும்.

மூலப்பொருளுக்கு அடிதடி. ஆகவே தயாரிப்பாளர்கள் கூடி, விலைக்கு உச்சவரம்பு வைத்தார்கள். 1763 உடன்படிக்கைப்படி, கிடைக்கும் ஒவ்வொரு 100 பீப்பாயிலும் லோபஸுக்கு 11. மாமனார் ரிவேராவின் நிறுவனத்துக்கும் 11. அண்ணன் மோசஸுக்கு 2.

அமெரிக்காவிலிருந்த பிரித்தானியக் குடியேற்றங்களில் ஏழாண்டு வசித்த யூதருக்குக் குடியுரிமை தரலாம் என்று 1740-ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டமே சொன்னது. ஆனாலும் ரோட் ஐலண்ட் மறுத்தது. லோபஸ் மாசசூசெட்ஸுக்குக் குடிபெயர்ந்து, 1762 அக்டோபரில் அங்கே பெற்றார். உறுதிமொழியிலிருந்து ‘கிறிஸ்தவ விசுவாசம்’ என்ற சொற்களை அவருக்காக நீக்கினார்கள். 1767-இல் போர்த்துகலில் தவித்த சகோதரரின் குடும்பத்தையும் தம் கப்பலில் வரவழைத்தார்.

கொடையாளர் என்று போற்றும்போது ஒன்றை மறைக்கலாகாது. 1761 முதல் 1774 வரை, பெரும்பாலும் ரிவேராவோடு கூட்டுச் சேர்ந்து, ஆப்பிரிக்காவில் அடிமைகளை ஏற்றிவர 21 பயணங்களுக்குப் பணம் போட்டவரும் இவர்தான். தம் உறவினரை மீட்கக் கப்பல் அனுப்பியவர், பிறர் உறவை அறுத்துக்கொண்டு வரவும் கப்பல் அனுப்பினார். இந்த முரண் என்னை உறுத்துகிறது. தொழுகைக்கூடத்தின் கல்லைப் பார்க்கிறவர் இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பிரித்தானியாவை எதிர்த்து நடந்த அமெரிக்கப் புரட்சிப் போர் அவர் வணிகத்தை முறித்தது. பிரித்தானியப் படை 1776 டிசம்பரில் நியூபோர்ட்டைப் பிடித்தது. குடும்பம் மாசசூசெட்ஸின் லெஸ்டரில் தஞ்சம் புகுந்தது. போர் தணிந்து ஊர் திரும்பும் வழியில், 1782 மே 28-ஆம் நாள், ஸ்காட் குளத்தில் குதிரைக்குத் தண்ணீர் காட்ட வண்டியோடு இறங்கினார். அடியில் புதைமணல். குடும்பத்தார் கண்ணெதிரே மூழ்கினார். உடலை நியூபோர்ட் யூத இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள்.