கார்ல துப்பாக்கிய விட்டுட்டுப் போகலாமா? நேயர் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி டல்லாஸ் பக்கம் இர்விங்லேர்ந்து வந்திருக்கு. படிக்கிறேன்: "கிரீன் கார்டு வந்தப்புறம் ஒரு 9 எம்எம் பிஸ்டல் வாங்கினேன். ஆபீஸ் பில்டிங்குக்குள்ள துப்பாக்கி கூடாது. அதனால கார் டாஷ்போர்ட்ல இருக்கிற க்ளவ் பாக்ஸ்லயே வச்சிருக்கேன், ராத்திரியும் அங்கதான் இருக்கும். காலைல பிள்ளைய ஸ்கூல்ல இறக்கிவிட்டுட்டு ஆபீஸ் போவேன். எங்ககூட தங்கியிருக்கிற தம்பி முறை ஒருத்தர், ஹெச்1பி, வீக்எண்ட்ல அந்தக் கார எடுத்துட்டுப் போவார். டெக்சஸ்ல பெர்மிட் தேவையில்லைன்னு சொன்னாங்க, நானும் எடுக்கல. இதுல ஏதாவது பிரச்சினை இருக்கா?"

இருக்கு சார். நிறையவே இருக்கு. எது ரொம்ப அவசரமோ அதுலேர்ந்து வர்றேன்.

உங்க தம்பி. ஹெச்1பி, ஹெச்4, எஃப்1 இந்த மாதிரி தற்காலிகமா தங்குற நான்-இமிகிரண்ட் விசாவுல வந்தவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கிறதே ஃபெடரல், அதாவது மத்திய அரசு, சட்டப்படி குற்றம். அதிகபட்சம் 15 வருஷம் ஜெயில். சில விலக்கு உண்டு. அமெரிக்காவுல வாங்கின, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ் இருந்தா தப்பில்லை, நம்ம ஆட்கள் வழக்கமா பயன்படுத்துற விலக்கு அதுதான். அந்த லைசென்ஸும் இல்லாம அவர் உங்க காரை ஓட்டுறார், க்ளவ் பாக்ஸ்ல பிஸ்டல் இருக்கு, இருக்குன்னு அவருக்கும் தெரியும். துப்பாக்கி அவர் பேர்ல இருக்கணும், பாக்கெட்ல இருக்கணும்னு எந்த அவசியமும் இல்லை. தெரிஞ்சு, தன் கட்டுப்பாட்டுல இருந்தா போதும், அது "வச்சிருக்கிறது"தான். டெயில் லைட் எரியலைன்னு போலீஸ் நிறுத்தினா, இன்சூரன்ஸ் பேப்பர் எடுக்க அவர் திறக்கப்போறதும் அதே க்ளவ் பாக்ஸைத்தான்.

உங்களுக்கும் சொல்றேன். கிரீன் கார்டு இருக்கே ஒழிய நீங்க இன்னும் சிட்டிசன் இல்லை. துப்பாக்கிச் சட்டத்தை மீறினதா கோர்ட்ல தண்டனை பதிவாச்சுன்னா, அது சின்ன கேஸா இருந்தாலும், உங்களை நாடுகடத்த அதுவே தனிக் காரணமாகலாம். அதனால தம்பி சாவி கேட்கிறதுக்கு முன்னாடியே பிஸ்டல், தோட்டா அடுக்குற மேகசின், தோட்டா எல்லாம் வண்டியை விட்டு வெளியில வந்திருக்கணும். கப் ஹோல்டர்ல ஒத்தை தோட்டா உருண்டுகிட்டு இருந்தாலும் சட்டத்துக்கு அது தோட்டாதான்.

ரெண்டாவது, ஸ்கூல். டெக்சஸ்ல 2021 செப்டம்பர்லேர்ந்து, 21 வயசு ஆகி, வேற தடை எதுவும் இல்லாதவங்க பெர்மிட் இல்லாமலே கைத்துப்பாக்கிய கூட எடுத்துட்டுப் போகலாம். சரிதான். ஆனா ஃபெடரல் ஸ்கூல் ஸோன் சட்டம் அதைப் பார்க்கிறதில்லை. ஸ்கூல் வளாகத்துலேர்ந்து 1000 அடிக்குள்ள, பொது ரோட்ல போறப்பகூட அது பொருந்தும். அதுல மாட்டாம இருக்க உங்களுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, அந்த மாநிலமே கொடுத்த லைசென்ஸ், இங்க எல்டிசி, அதாவது துப்பாக்கிய கூட எடுத்துட்டுப் போறதுக்கான லைசென்ஸ். இன்னொண்ணு, தோட்டா எல்லாத்தையும் கழட்டிட்டு, பூட்டின பெட்டிக்குள்ள வைக்கிறது. "பெர்மிட் தேவையில்லை"ங்கிற மாநிலச் சட்டம் லைசென்ஸுக்கு ஈடாகாது. பிள்ளைய இறக்கிவிடுற டிராப் லைன்ல தினமும் நிக்கிறீங்க இல்லையா, தினமும் இந்த வட்டத்துக்குள்ள போயிட்டு வர்றீங்க. எல்டிசி எடுத்துடுங்க. வகுப்பு 4லேர்ந்து 6 மணி நேரம், அப்புறம் சுடுற டெஸ்ட், அரசுக்குக் கட்டுற ஃபீஸ் 40 டாலர். இதுக்குப்போய் யோசிக்கவே கூடாது.

சரி, இப்ப அசல் கேள்விக்கு வர்றேன். துப்பாக்கிய கார்லயே வச்சிருக்கலாமா? நிரந்தரமா வைக்கக்கூடாதுங்கிறதுதான் என் பதில். ஏன்னு கேட்டா, அங்க வைக்கிறதுக்கு நாம சொல்ற காரணமே நிக்காது. "பாதுகாப்புக்கு"ன்னு சொல்றோம். நீங்க காருக்குள்ள இருக்கிறப்ப அது உங்க உடம்புல, ஹோல்ஸ்டர்ங்கிற உறையில இருக்கலாம். இறங்கிப் போயிட்டா அது கார்ல இருக்கு, நீங்க வேற எங்கயோ இருக்கீங்க. கைக்கு டக்குனு எட்டுற இடத்துல வச்சா திருடனுக்கும் டக்குனு எட்டும். திருடனுக்கு எட்டாத மாதிரி பூட்டினா உங்களுக்கும் அவசரத்துக்கு எட்டாது. ரெண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் கார்ல எங்கயும் கிடையாது. அப்ப கார் எதுக்கு? உள்ள எடுத்துட்டுப் போக முடியாத சில மணி நேரத்துக்குப் பூட்டி வைக்க. அவ்வளவுதான். ராத்திரி வீட்டுக்குள்ள வந்துடணும்.

திருட்டு எவ்வளவு பெருசுன்னு சொல்றேன். துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்கிற எவ்ரிடவுன் அமைப்பு எஃப்பிஐ தரவை வச்சுப் பார்த்ததுல, 2022ல நகரங்கள்ல திருடுபோன துப்பாக்கிகள்ல பாதிக்கு மேல கார்லேர்ந்து போனது. அதுலயும் நிறைய, வீட்டு டிரைவ்வேல நிக்கிற வண்டி. ராத்திரி ரெண்டு பேர் அபார்ட்மென்ட் பார்க்கிங்ல வரிசையா ஒவ்வொரு கதவையும் இழுத்துப் பார்த்துட்டே போவாங்க, பூட்டாத வண்டி கிடைச்சா உள்ள கை. கண்ணாடியை உடைச்சாலும் ஒரு நிமிஷம் ஆகாது. முதல்ல திறக்கிறது க்ளவ் பாக்ஸ், ரெண்டாவது முன்சீட் ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற கன்சோல், மூணாவது சீட்டுக்கடி. க்ளவ் பாக்ஸ் பூட்டுங்கிறது பிளாஸ்டிக்ல மாட்டின ஒரு சின்ன கொக்கி, ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பினா போச்சு. நியூயார்க் சட்டத்துல, க்ளவ் பாக்ஸைப் பாதுகாப்பான பெட்டியா கணக்குல எடுத்துக்கவே மாட்டோம்னு வெளிப்படையாவே எழுதியிருக்கு.

அப்படிப் போன துப்பாக்கி என்ன ஆகும்கிறதுக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச கேஸ் ஒண்ணு. 2015 ஜூன் கடைசியில சான் பிரான்சிஸ்கோவுல ஒரு ஃபெடரல் ரேஞ்சரோட கார்ல பேக்பேக்குல இருந்த பிஸ்டல் திருடுபோச்சு. நாலே நாள்ல, ஜூலை 1ஆம் தேதி, பியர் 14ல நடந்துகிட்டிருந்த கேட் ஸ்டைன்லிங்கிற இளம்பெண் அதே பிஸ்டல்லேர்ந்து வந்த குண்டுல இறந்துபோனாங்க. அதுக்கப்புறம்தான் கலிஃபோர்னியாவுல, ஆள் இல்லாத வண்டியில கைத்துப்பாக்கிய ட்ரங்க்லயோ (டிக்கி), கண்ணுக்குத் தெரியாத பூட்டின பெட்டியிலயோதான் வைக்கணும்னு 2017லேர்ந்து சட்டம் வந்துச்சு, மீறினா 1000 டாலர் வரைக்கும் அபராதம். கொலராடோவுல 2025 ஜனவரிலேர்ந்து இதே மாதிரி. டெக்சஸ்ல அப்படிப் பூட்டச் சொல்ற சட்டம் இல்லை. சட்டம் சொல்லலைன்னாலும் நீங்க பூட்டுங்க.

எப்படிப் பூட்டுறது? பெட்டி வாங்குறப்ப தகட்டோட கேஜ் பாருங்க. நம்பர் குறையக் குறைய தகடு தடிமன் கூடும். 16 கேஜ்னா சுமார் 1.5 மில்லிமீட்டர், பெரிய ஸ்க்ரூடிரைவருக்கே மூடி வளைஞ்சுடும். 12 கேஜ்னா சுமார் 2.7 மில்லிமீட்டர், அதுக்குக் கடப்பாரை வேணும், நேரம் வேணும், சத்தம் வரும். உங்க கார் மாடலுக்குன்னே செஞ்ச கன்சோல் பெட்டி கிடைக்குது. கன்சோலுக்குள்ள இறங்கி உட்காரும், கம்பெனி போல்ட் ஓட்டையிலயே உள்ளேர்ந்து முடுக்குற மாதிரி இருக்கும். மூடி பூட்டியிருக்கிறப்ப போல்ட் தெரியாது, அதான் அதோட பலம். செலவு பண்ண முடிஞ்சா இதுதான் என் தேர்வு.

இல்லைன்னா கேபிள் வச்ச சின்னப் பெட்டி. இதுல பெட்டி நல்லா இருக்கும், கேபிள்தான் பலவீனம். போல்ட் கட்டர் கொண்டு வந்தவன் சுலபமா வெட்டிடுவான். ஆனா பெரும்பாலும் வர்றவன் கையில அது இருக்காது, இழுத்துப் பார்த்துட்டு வரலைன்னா விட்டுட்டுப் போவான். கேபிளை சீட் தண்டவாளத்துல சுத்தாதீங்க. சீட்டுக்கடியில குறுக்க போற ஃபிரேம் கம்பியில லூப் போடுங்க. போட்டதும் சீட்டை முழுசா முன்னாடி தள்ளி, முழுசா பின்னாடி தள்ளிப் பாருங்க. பவர் சீட்னா மோட்டார் கேபிளைக் கடிச்சு நடுவுலயே நின்னுடும். மஞ்சள் நிற வயர் கனெக்டர் தெரிஞ்சா அது ஏர்பேக் லைன், அதைத் தொடாம சுத்தி வாங்க. கேபிள் நுழையுற இடத்துல மூடி முழுசா இறங்குதான்னும் பாருங்க. கேபிள் நடுவுல மாட்டிட்டு, பூட்டின மாதிரி தெரியும், பூட்டியிருக்காது. இது அடிக்கடி நடக்குது.

பூட்டு, சாவியோ மெக்கானிக்கல் பட்டனோ இருக்கட்டும். ஜூலை மாசம் டல்லாஸ்ல வெளியில 100 டிகிரி ஃபாரன்ஹீட்னா மூடின காருக்குள்ள 140ஐத் தொடும். கைரேகைப் பூட்டோட பேட்டரி அந்தச் சூட்டுல சீக்கிரம் போயிடும், வேர்த்த விரலையும் அது படிக்காது.

ட்ரங்க் நல்லதுதான், ஆனா ரெண்டு ஓட்டை இருக்கு. பல செடான்ல கண்ணாடிய உடைச்சு, டிரைவர் பக்கம் இருக்கிற பட்டனை அமுக்கினா ட்ரங்க் திறந்துடும். பின்சீட்டை மடக்கினாலும் வழி இருக்கு. அதனால ட்ரங்க்குலயும் கேபிள் போட்ட பெட்டிதான். எஸ்யூவில ட்ரங்க்னு ஒண்ணு கிடையாது, அந்த இழுத்து மூடுற திரை பூட்டு ஆகாது. ஸ்டியரிங் கீழ காந்தம் வச்சு ஒட்டுறதெல்லாம் வேண்டவே வேண்டாம். ட்ரிகர் திறந்து கிடக்கும், வண்டி மோதுச்சுன்னா பறக்கும்.

பூட்டுற விதத்துலயும் ஒரு விஷயம் இருக்கு. ஆபீஸ் பார்க்கிங்ல போய் நின்னுட்டு, குனிஞ்சு, இடுப்புலேர்ந்து எடுத்து பெட்டியில வைக்காதீங்க. பார்க்கிறவனுக்கு எல்லாம் புரிஞ்சுடும். கிளம்புறப்பவே, வீட்டு கராஜ்லயே, பெட்டியில வச்சுப் பூட்டிடுங்க. எடுக்கிறப்ப ஹோல்ஸ்டரோட சேர்த்து எடுத்து, ஹோல்ஸ்டரோடயே பெட்டியில வைங்க. ட்ரிகர் எப்பவும் மூடியிருக்கும். கார் சீட்ல உட்கார்ந்து தினமும் தோட்டாவை சேம்பர்லேர்ந்து, அதாவது சுடத் தயாரா தோட்டா உட்கார்ற குழியிலேர்ந்து, கழட்டி மாட்டினா தெரியாம வெடிக்கிறதுக்கு அதுவே காரணமாகலாம். அதுல இன்னொரு வினையும் உண்டு. ஒரே தோட்டாவை திரும்பத் திரும்ப சேம்பர் பண்ணினா, முன்னாடி இருக்கிற குண்டு கொஞ்சம் கொஞ்சமா தோட்டாவோட உறைக்குள்ள அமுங்கும். நீளம் குறையும், சுடுறப்ப அழுத்தம் அளவுக்கு மேல ஏறும். புது தோட்டா பக்கத்துல வச்சுப் பாருங்க, கண்ணுக்கே குட்டையா தெரிஞ்சா அதை சுடாதீங்க, தனியா ஒதுக்கிடுங்க.

"இந்தச் சூட்டுல தோட்டா தானா வெடிக்குமா"ன்னு பல பேர் கேட்கிறாங்க. வெடிக்காது, அதுக்கு 300 டிகிரிக்கு மேல போகணும். ஆனா மாசக்கணக்கா சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டா மருந்து கெடும், எண்ணெய் வழிஞ்சு காஞ்சுபோகும், மேகசின் உள்பக்கம் துரு பிடிக்கும். நிரந்தரமா கார்லயே கிடக்கிற துப்பாக்கி, தேவைப்படுற அன்னிக்குச் சரியா வேலை செய்யும்னு நம்புறதுக்கு இல்லை.

குழந்தை இருக்கிற வண்டியில சீட்டுக்கடி இடமே கிடையாதுன்னு வச்சுக்கோங்க. 2016 மார்ச்ல புளோரிடாவுல, முன்சீட்டுக்கடியிலேர்ந்து பின்னாடி சறுக்கி வந்த பிஸ்டலை 4 வயசுப் பையன் எடுத்து, ஓட்டிட்டிருந்த அம்மாவை முதுகுல சுட்டுட்டான், அவங்க பிழைச்சுட்டாங்க. அடுத்த மாசமே மில்வாக்கில இதே மாதிரி, 2 வயசுக் குழந்தை, தாய் இறந்துட்டாங்க. பிரேக் அடிக்கிறப்ப சீட்டுக்கடியில இருக்கிறது எந்தப் பக்கம் போகும்னு யாராலயும் சொல்ல முடியாது. டெக்சஸ்ல 17 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க கைக்கு எட்டுற மாதிரி, சுடத் தயாரா இருக்கிற துப்பாக்கிய அலட்சியமா வச்சு, அது அவங்க கைக்குப் போச்சுன்னா அதுவே தனிக் குற்றம்.

ஆபீஸைப் பொறுத்தவரைக்கும் நீங்க தப்பிச்சீங்க. டெக்சஸ்ல 2011லேர்ந்து, ஊழியர் தன் சொந்த வண்டிக்குள்ள வச்சு, வண்டியைப் பூட்டியிருந்தா, அந்தத் துப்பாக்கிய முதலாளி பார்க்கிங்ல தடுக்க முடியாது, சில விலக்கு தவிர. கம்பெனி கார்னா இது பொருந்தாது. போஸ்ட் ஆபீஸ் வேற கதை: பார்க்கிங்கும் சேர்த்தே தடை, பார்சல் போட அஞ்சு நிமிஷம் நிறுத்துறதும் தப்புதான். சர்வீஸுக்கு விடுறப்ப, கார் வாஷ், சாவிய வேற ஆள்கிட்ட கொடுக்கிற வேலே பார்க்கிங், எல்லாத்துக்கும் முன்னாடி எடுத்துடுங்க.

இன்சூரன்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பரை துப்பாக்கி இருக்கிற இடத்துல வைக்காதீங்க, சன் வைசர்ல சொருகுங்க. சீரியல் நம்பரை போன்ல படம் எடுத்து, வீட்லயும் எழுதி வைங்க. திருடுபோனா அந்த நம்பர் இருந்தாத்தான் போலீஸ் தேசிய பட்டியல்ல ஏத்த முடியும். சில மாநிலத்துல புகார் கொடுக்கக் கெடுவே இருக்கு, நியூயார்க்ல 24 மணி நேரம், நியூ ஜெர்சில 36.

ரோட் ட்ரிப் போனா உங்க மாநிலச் சட்டம் கூட வராது. வழியில இருக்கிற மாநிலத்தைக் கடக்க மட்டும் 1986ஆம் வருஷ ஃபெடரல் சட்டம் காப்பாத்தும். கிளம்புற இடத்துலயும் போய்ச் சேர்ற இடத்துலயும் உங்களுக்கு அது சட்டப்படி இருக்கணும். தோட்டா கழட்டியிருக்கணும், ட்ரங்க்ல இருக்கணும். ட்ரங்க் இல்லாத வண்டின்னா பூட்டின பெட்டியில, அதுலயும் க்ளவ் பாக்ஸும் கன்சோலும் செல்லாது. மெக்சிகோ எல்லையைத் தாண்டிட்டீங்கன்னா இங்க இருக்கிற எந்தச் சட்டமும் காப்பாத்தாது. 2014ல தப்பான லேன்ல போய் திஹுவானாவுக்குள்ள நுழைஞ்சுட்டதா சொன்ன ஒரு அமெரிக்க மரைன் வீரர், வண்டியில 3 துப்பாக்கி இருந்ததால 7 மாசம் அங்க ஜெயில்ல இருந்தார். அங்க தோட்டா மட்டும் இருந்தாலும் கேஸ்தான். லாரெடோ, எல் பாசோ மாதிரி எல்லை ஊர் பக்கம் போறதுன்னா பிஸ்டலை வீட்லயே பூட்டிட்டு, சீட்டுக்கடி, டோர் பாக்கெட், சுட்டுப் பழகுற ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போற பை, எல்லாத்தையும் ஒரு தடவை தடவிப் பார்த்துட்டு கிளம்புங்க.