ஸ்டோரேஜ் நெட்வொர்க் நிற்காமல் ஓட: ஏ ஃபேப்ரிக், பி ஃபேப்ரிக்

வணக்கம். ஒரு நிறுவனத்தில் பத்து சர்வர்கள் இருக்கின்றன. ஒன்று படுத்துவிட்டால் மீதி ஒன்பதும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் பத்துக்கும் டேட்டா ஒரே ஸ்டோரேஜிலிருந்து வருகிறது என்றால், அது நின்ற நொடியில் பத்தும் நிற்கும். இந்த வீடியோவில் அப்படி நிற்காத ஸ்டோரேஜ் நெட்வொர்க்கை எப்படி வடிவமைப்பது என்று பார்க்கலாம்.

[திரையில்: 99.9% – வருடத்துக்குச் சுமார் 8 மணி 45 நிமிடம். 99.99% – சுமார் 53 நிமிடம். 99.999% – சுமார் 5 நிமிடம்.]

வருடத்தில் இவ்வளவு நேரம்தான் சேவை தடைபடலாம் என்பது கணக்கு. முதல் வரியில், ஆள் வந்து பழுது பார்க்க நேரம் இருக்கிறது. கடைசி வரியில் போன் போட்டு ஆளைக் கூப்பிடுவதற்குள்ளேயே அந்த ஐந்து நிமிடம் தீர்ந்துவிடும். அந்த அளவுக்குப் போக வேண்டுமென்றால், பழுதை அமைப்பு தானாகவே சமாளிக்க வேண்டும்.

சரி, ஒரே ஒரு பதிவைப் பின்தொடர்ந்து போவோம்.

[திரையில்: சர்வர், சுவிட்ச், இரண்டு கன்ட்ரோலர்கள். ஒரு புள்ளி நகர்கிறது.]

டேட்டாபேஸ் ஒரு வரியை எழுதச் சொல்கிறது. அது சர்வரை ஸ்டோரேஜ் நெட்வொர்க்குடன் இணைக்கும் ஹெச்பிஏ கார்டு வழியாக சுவிட்சுக்கும், அங்கிருந்து ஸ்டோரேஜை இயக்கும் கன்ட்ரோலருக்கும் போகிறது. கன்ட்ரோலர் அதைத் தன் கேஷில், அதாவது வேகமான தற்காலிக நினைவகத்தில், வைத்துக்கொண்டு, ஒரு நகலை ஜோடிக் கன்ட்ரோலரின் கேஷுக்கு அனுப்புகிறது. நகல் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் ‘எழுதியாயிற்று’ என்று சர்வருக்குப் பதில் வரும். டிஸ்கில் எழுதுவது அதற்கப்புறம் நிதானமாக நடக்கும். அதனால் நடுவில் ஒரு கன்ட்ரோலர் செத்தாலும் அந்த வரி தொலையாது.

இப்போது நெட்வொர்க். இரண்டு சுவிட்ச் வாங்குகிறார்கள், நல்லது. பிறகு அந்த இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்துவிடுகிறார்கள். ஸ்டோரேஜ் நெட்வொர்க்குக்குப் பயன்படும் ஃபைபர் சேனல் தொழில்நுட்பத்தில் அப்படி இணைத்த உடனே இரண்டும் ஒரே ஃபேப்ரிக், அதாவது ஒரே நெட்வொர்க், ஆகிவிடும். எந்த சர்வர் எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்று சொல்லும் ஜோனிங் அமைப்பும் பொதுவாகிவிடும். அதில் யாராவது ஒரு தவறைச் செய்து ஆக்டிவேட் செய்தால், இரண்டு சுவிட்சும் அதை ஏற்றுக்கொள்ளும். செலவழித்து வாங்கிய இரண்டாவது சுவிட்ச் அந்த நேரத்தில் உதவாது.

அதனால் ஏ ஃபேப்ரிக், பி ஃபேப்ரிக் என்று இரண்டையும் கடைசிவரை பிரித்தே வையுங்கள். ஒவ்வொரு சர்வரிலிருந்தும் ஒரு கேபிள் இதற்கு, ஒன்று அதற்கு. இரண்டுக்கும் மின்சாரமும் வெவ்வேறு லைனிலிருந்து வர வேண்டும். மாற்றம் எதுவானாலும் முதலில் ஏ-யில் செய்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகு பி-யில் செய்யுங்கள். இன்னொன்று: ஏதாவது ஒரு பக்கம் விழுந்தால் முழு பாரத்தையும் மறுபக்கம் தாங்க வேண்டும். ஆகவே சாதாரண நாளில் இரண்டுமே பாதிக்கு மேல் நிறையக் கூடாது.

பாதையை மாற்றும் வேலை சர்வரில் இருக்கும் மல்டிபாத் மென்பொருளுடையது. கேபிள் முழுதாக அறுந்தால் அதற்குச் சிரமமே இல்லை, சட்டென்று அடுத்த பாதைக்கு மாறிவிடும். உண்மையில் படுத்தி எடுப்பது பாதி செத்த இணைப்புதான். கேபிளில் ஒளியை அனுப்பிப் பெறும் ஆப்டிகல் மாட்யூல் பலவீனமாகிறது, இணைப்பு ‘அப்’ என்றே காட்டுகிறது, ஆனால் ஃபிரேம்கள், அதாவது டேட்டா துண்டுகள், பிழையோடு வருகின்றன. மல்டிபாத் அந்தப் பாதையை விலக்கும், சோதித்துவிட்டு மீண்டும் சேர்க்கும், மறுபடி விலக்கும். பயனருக்கு எல்லாமே இழுத்துக்கொண்டிருக்கும். எனவே சுவிட்சின் சிஆர்சி பிழை எண்ணிக்கையை, அதாவது சிதைந்து வந்த ஃபிரேம்களின் கணக்கை, கண்காணியுங்கள், ஏறத் தொடங்கினால் அந்தப் போர்ட்டை நீங்களே அணைத்துவிடுங்கள்.

டிஸ்க் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய டிஸ்க் என்றால் ரெய்டு 6, அதாவது இரண்டு டிஸ்க் போனாலும் டேட்டா மிஞ்சும்படி பல டிஸ்கில் பரப்பி எழுதும் முறை. போன டிஸ்கை மறுபடி கட்டி முடிக்க ஒரு நாளுக்கு மேல்கூட ஆகலாம், அதற்குள் இரண்டாவது போனாலும் அது தாங்கும்.

[திரையில்: இரண்டு டேட்டா சென்டர்கள், நடுவே ஃபைபர் கோடு.]

கட்டடமே போய்விட்டால்? இரண்டாவது இடத்துக்கு ரெப்ளிகேஷன் வேண்டும், அதாவது இங்கே எழுதுவதெல்லாம் அங்கேயும் நகலாக வேண்டும். ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக சுமார் 5 மைக்ரோவினாடி ஆகும். 100 கிலோமீட்டர் போய்த் திரும்ப 1 மில்லிவினாடி. நகல் அங்கே சேர்ந்த பிறகே பதில் தரும் சிங்க்ரனஸ் முறையில் ஒவ்வொரு பதிவும் குறைந்தது இவ்வளவு நேரம் காத்திருக்கும், ஆனால் எழுதியது எதுவும் தொலையாது. தூரம் கூடினால், பதிலை முதலில் தந்துவிட்டு நகலைப் பிறகு அனுப்பும் அசிங்க்ரனஸ்தான் வழி, கடைசிச் சில வினாடிகளிலோ நிமிடங்களிலோ எழுதியது போகலாம். எது பரவாயில்லை என்பதைத் தொழில் நடத்துபவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டு இடங்களுக்கு நடுவே இணைப்பு மட்டும் அறுந்தால் இரண்டுமே ‘நான்தான் உயிரோடு இருக்கிறேன்’ என்று தனித்தனியாக எழுதத் தொடங்கும் ஆபத்து உண்டு. யார் தொடரலாம் என்று தீர்மானிக்கும் விட்னஸ் சர்வரை மூன்றாவது இடத்தில் வையுங்கள். அப்புறம், ரெப்ளிகேஷன் பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்த டேபிள் மறுபக்கத்திலும் உடனே அழிந்துவிடும். தனியாக, மாற்ற முடியாத ஒரு நகல் கட்டாயம் வேண்டும்.

[திரையில்: ஒரு கை கேபிளை உருவுகிறது.]

பயன்பாட்டுக்கு விடும் முன் சோதனை. முழு லோடு ஓடும்போது ஏ ஃபேப்ரிக்கை நிறுத்துங்கள். எழுதுவது எத்தனை வினாடி நின்று மறுபடி ஓடுகிறது என்று பாருங்கள். அது உங்கள் டேட்டாபேஸின் டைம்அவுட்டைவிட, அதாவது பதிலுக்கு அது காத்திருக்கும் நேரத்தைவிட, குறைவாக இருக்க வேண்டும். பிறகு ஏ-யை இயக்கி, ஒவ்வொரு சர்வரிலும் எல்லாப் பாதைகளும் திரும்பிவிட்டனவா என்று பார்த்துவிட்டுத்தான் பி-யில் கை வைக்க வேண்டும்.