யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள், கண்ணாடி டம்ளரை எடுங்கள்

வணக்கம் நண்பர்களே! இன்றைக்குக் கோபத்தோடுதான் வந்திருக்கிறேன். மன்னார்குடி பக்கம் நம்ம சித்தப்பா வயல், சம்பா நடவு வீடியோவில் பார்த்தீர்களே, அதே பிபிடி (சம்பா மசூரி நெல் ரகம்) வயல்தான். மழையும் காற்றும் ஓய்ந்ததும், இலை நுனியிலிருந்து ஓரமெல்லாம் நெளிநெளியாக மஞ்சளாகிக் காய்கிறது. மருந்துக் கடையில் பூஞ்சாண மருந்தைக் கொடுத்து 640 ரூபாய் வாங்கிவிட்டார்கள். 640 ரூபாய்! பில் என் பையிலேயே இருக்கிறது. இலையைக் கொண்டு வாருங்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பயிர் வெளுத்திருக்கு, யூரியா போடுங்க" என்று யோசனை வேறு!

இது பூஞ்சாணமே இல்லை. சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியாவால் வரும் இலைக்கருகல். இதோ, இலையை வெட்டி டம்ளர் தண்ணீரில் வெட்டுமுனை படும்படி பிடித்திருக்கிறேன். பார்த்தீர்களா? வெள்ளையாக ஓர் இழை இறங்குகிறது! அத்தனையும் பாக்டீரியா. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆங், சொல்ல விட்டுப்போச்சு: காய்ந்த பகுதியில் வெட்டாதீர்கள், மஞ்சளும் பச்சையும் சேரும் இடத்தில் வெட்டுங்கள். எவர்சில்வர் டம்ளர் சுத்தமாக வேண்டாம், ஒன்றும் தெரியாது.

இந்தக் கிருமிகள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன என்பதுதான் விஷயமே. இலை ஓரத்து நீர்த்துளைகள், காயங்கள் வழியாக உள்ளே போய் நீர்க்குழாயில் பெருகும்போது, ஒவ்வொன்றும் டி.எஸ்.எஃப். என்ற கொழுப்பு அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. வாய்க்காலில் மட்டம் ஏறினால்தானே மேட்டு வயலுக்குப் பாயும்? அப்படித்தான். அந்த அமிலம் ஓர் அளவுக்கு ஏறியதும், கூட்டம் சேர்ந்துவிட்டது என்று எல்லாம் ஒன்றாகத் தெரிந்துகொள்கின்றன. பசைப்பொருளும் செல்சுவரை அரிக்கும் நொதியும் பெருகுவதற்கு இந்தச் சமிக்ஞை உதவுகிறது. ஹைதராபாத் சி.சி.எம்.பி. (உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம்) ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், சமிக்ஞை தயாரிக்கும் ஆர்.பி.எஃப்.எஃப். மரபணுவைக் கெடுத்த கிருமிக்கு நோய் உண்டாக்கும் திறனே குறைந்துவிட்டது. இரும்புச்சத்து குறைந்த இடத்தில் அதற்கு வளரவும் முடியவில்லை. வாயை அடைத்தால் பாதி சண்டை முடிந்தது!

அதனால் இலை மஞ்சளாகும்போது உள்ளே கூட்டம் ஏற்கெனவே கூடிவிட்டது. அதற்கு மேல் யூரியாவா? தழைச்சத்து கூடினால் இந்த நோய்க்குக் கொண்டாட்டம். மேலுரத்தை நிறுத்துங்கள், நோய் வந்த வயல் தண்ணீரை அடுத்த வயலுக்கு விடாதீர்கள். நடவின்போது நாற்று நுனி கிள்ளுகிற பழக்கம் எனக்கு அறவே பிடிக்காது, அந்தக் காயத்தில்தான் கிருமி நுழைகிறது. சித்தப்பாவிடம் புதுச் சாணத்தைக் கரைத்து வடிகட்டி 20 சதவீதக் கரைசலாகத் தெளிக்கச் சொல்லியிருக்கிறேன், வேளாண் பல்கலைக்கழகமே சொல்லும் முறைதான். பிபிடியை விட மனசில்லாதவர்கள் அடுத்த சம்பாவுக்கு 2008இல் வெளியான மேம்படுத்திய சம்பா மசூரி விதையைத் தேடுங்கள். அதே பிபிடிதான், இந்தக் கருகலைத் தாங்கும் மூன்று மரபணுக்களைச் சேர்த்திருக்கிறார்கள்.