லண்டன்ல ஒரு பழைய ரயில் மேடு: நடந்துபோகலாம் வாங்க

வணக்கம் மக்களே! காற்று இரைச்சல் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கோங்க. ஃபின்ஸ்பரி பார்க் ஓரமா இருக்கிற நடைபாலத்தில் நிற்கிறேன். கீழே போவது மெயின் லைன், நிமிஷத்துக்கு ஒரு ரயில். பாலத்தைத் தாண்டினால் ரயிலே வராத ரயில் பாதை, பார்க்லேண்ட் வாக். ஹைகேட் வரைக்கும் இரண்டு மைலுக்குக் கொஞ்சம் மேலே.

கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். 1867-ல் போட்ட பாதை இது. லண்டன் சுரங்க ரயிலின் நார்தர்ன் லைனோடு சேர்க்கலாம் என்று 1930-களில் திட்டம் போட்டார்கள். போர் வந்தது, வேலை நின்றது, அப்புறம் அப்படியே கைவிட்டார்கள். 1954-ல் பயணிகள் ரயில் நின்றுபோனது. எழுபதுகளில் தண்டவாளத்தையும் பிடுங்கிவிட்டார்கள். 1984-ல் நடைபாதை ஆனது. பிறகு இதன் மேலேயே ரோடு போடப் பார்த்தார்கள், ஊர்க்காரர்கள் விடவில்லை. 1990-லிருந்து இது இயற்கைக் காப்பிடம்.

இப்போ மேட்டு மேலே நடக்கிறேன். பக்கத்து வீடுகளின் மாடி ஜன்னல் நம்ம கண் மட்டத்துக்கு இருக்கு. கேமராவை அந்தப் பக்கம் திருப்பலை, பயப்படாதீங்க.

போன மாசி மாசம் வந்தபோது இங்கே சிலர் ரம்பத்தோடு மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. காப்பிடம் என்று போர்டு வைத்துவிட்டு வெட்டுவதா? போய்க் கேட்டே விட்டேன். அங்கிருந்த ஒரு பெரியவர் பொறுமையாகச் சொன்னார்: நிலக்கரி எஞ்சின் ஓடின காலத்தில் பொறி பறந்து புல் தீப்பிடிக்கும். அதனால் ரயில்வே ஆட்களே கரையில் மரம் வளர விடாமல் புதரை வெட்டிக்கொண்டே இருப்பார்களாம். வெயில் நன்றாக விழும், பூச்செடியும் வண்ணத்துப்பூச்சியும் செழிக்கும். ரயில் நின்றதும் வெட்டவும் ஆளில்லை. சிகமோர் மரம் ஏறி நிழலால் மூடிவிட்டது. ரயில்காரன் விட்ட வேலையைத்தான் இவர்கள் செய்கிறார்கள், அதுவும் பறவைகள் கூடு கட்டாத குளிர்காலத்தில்.

இதோ, அன்றைக்கு வெட்டின இடம். பாருங்க, முழங்கால் உயரத்துக்குப் புல். காலால் மண்ணைக் கிளறினால் கரி கரியா வருது பாருங்க, பழைய எஞ்சின் சாம்பல். சத்தில்லாத மண். ஆனால் அதுதான் காட்டுப் பூவுக்கு நல்லது. உரம் ஏறின மண்ணாக இருந்தால் முரட்டுச் செடிகள்தான் எல்லா இடத்தையும் பிடிக்கும். பத்தடி தள்ளி மர நிழல், அங்கே ஐவிக் கொடியைத் தவிர ஒன்றும் காணோம்.

மூடிப்போன பழைய க்ரௌச் எண்ட் ஸ்டேஷன் வந்துட்டோம். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி செங்கல் வளைவிலிருந்து ஒரு ஆள் எட்டிப் பார்க்கிறான் பாருங்க! ஸ்ப்ரிகன், கார்ன்வால் பக்கத்து நாட்டுப்புறக் கதையில் வருகிற குட்டிப் பேய். மர்லின் காலின்ஸ் செய்த சிற்பம். முதல் தடவை சாயங்காலம் தனியா வந்து பார்த்தேன். நடை தானா வேகமாச்சு.

இரண்டு பிளாட்பாரமும் அப்படியே இருக்கு. விரிசலில் ஊதாப் பூ கொத்துக் கொத்தா தொங்குதே, அது பட்லியா. சொந்த ஊர் சீனா. விதை தூசி மாதிரி இருக்கும், ஓடுகிற ரயிலின் காற்றில் பறந்தே இங்கிலாந்து முழுக்க ரயில் பாதைகளில் பரவிய செடி. ரயில் போயாச்சு, இது மட்டும் பிளாட்பாரத்தில் காத்துக்கிட்டு நிற்குது.

பாதை முடியும் இடத்தில் சுரங்கம். கம்பி போட்டு அடைத்திருக்கிறார்கள், உள்ளே வௌவால் குடியிருப்பு. நமக்கு அனுமதி இல்லை. ப்ளாக்பெர்ரி பறிச்சு விரலெல்லாம் கறை, ஃபோன் திரையிலும் ஒட்டுது. சரி, துடைச்சுட்டு ஹைகேட்டில் ஒரு டீ. அடுத்த வீடியோவில் மஸ்வெல் ஹில் பக்கத்து மிச்சத் துண்டை நடக்கலாம்.