பிள்ளைகளுக்காக இறங்கி வந்த காட்ஸில்லா

நண்பர்களே, பிள்ளைகளே,

ஜப்பானிய சினிமாவின் ராட்சதப் பூதமான காட்ஸில்லா என்றதும் விவரம் தெரிந்தவர்கள் 1954-இல் வந்த முதல் படத்தைத்தான் சொல்வார்கள். நியாயம்தான். அந்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்கா பிகினி தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் கொட்டியது. நவம்பரில், குண்டு கிளப்பிவிட்ட பூதத்தின் கதையாக அந்தப் படம் வந்தது. இயக்குநர் இஷிரோ ஹோண்டா போர்க்கைதியாக இருந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் இடிபாடுகளைப் பார்த்தவர். படத்தில் அந்தத் துக்கம் முழுக்க இருக்கிறது.

ஆனால் நான் பேச வந்தது அதற்கு அப்புறம் வந்த படங்களைப் பற்றி. அறுபதுகளின் நடுவில் காட்ஸில்லா நல்லவனாகிவிட்டது. 1964-இல் வந்த படத்தில் மோத்ரா என்ற ராட்சதப் புழு, காட்ஸில்லாவிடமும் ரோடான் என்ற பறக்கும் பூதத்திடமும் சமாதானம் பேசி, மூன்று தலைப் பூதம் கிதோராவை எதிர்க்க வைத்தது. அடுத்த ஆண்டே ஜெயித்த சந்தோஷத்தில் காட்ஸில்லா துள்ளிக் குதித்து ஆடியது. ‘தரம் இறங்கிவிட்டது, சிறுபிள்ளைத்தனம்’ என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். வீடியோ கேசட்டில் இந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பேச்சை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது.

1967-இல் வந்த காட்ஸில்லாவின் மகன் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மினிலா என்ற குட்டிக்கு அப்பா நெருப்புக் கதிர் ஊதச் சொல்லிக் கொடுக்கிறது. குட்டி வாயைத் திறந்தால் புகை வளையம் மட்டும்தான் வருகிறது. மறுபடி ஊதினாலும் அதேதான். கடைசியில் அப்பா அதன் வாலை ஒரு மிதி மிதிக்கிறது. ‘வீல்’ என்று கத்திய வாயிலிருந்து கதிர் பாய்கிறது! அப்பாவிடம் சைக்கிள் கற்றுக்கொண்ட எந்தப் பிள்ளைக்கும் இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

இதற்குப் பின்னால் இருந்த உழைப்பு லேசுப்பட்டதல்ல. தந்திரக் காட்சி நிபுணர் எய்ஜி சுபுராயாவின் குழு சின்னச் சின்னக் கட்டடங்களைச் செய்து, வேகம் கூட்டிய கேமராவில் படம் எடுத்தது. அதைச் சாதாரண வேகத்தில் ஓட்டும்போது அசைவு மந்தமாகி, பிரம்மாண்டமான எடை வந்துவிடும். 1954 முதல் 1972 வரை காட்ஸில்லா உடைக்குள் இருந்து நடித்தவர் ஹருவோ நகாஜிமா. முதல் உடை ஏறக்குறைய 100 கிலோ. நடை பழக அவர் மிருகக்காட்சி சாலைக்குப் போய் யானையையும் கரடியையும் கவனித்தாராம். உள்ளே மனிதர் இருக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரியும், தெரிந்தேதான் நம்புகிறது. இன்றைய கணினி வித்தையில் எனக்குக் கிடைக்காதது அந்த மனித நடைதான்.

போட்டியும் இருந்தது. டாயெய் என்ற இன்னொரு பட நிறுவனம் 1965-இல் கமேரா என்ற ராட்சத ஆமையைக் கொண்டு வந்தது. கை கால்களை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, அந்தத் துளைகளில் நெருப்புக் கக்கி, சுழன்று பறக்கும். முதல் படத்திலேயே, கலங்கரை விளக்கத்திலிருந்து விழப்போன ஒரு சிறுவனை அது காப்பாற்றியது. அதற்கப்புறம் அது பிள்ளைகளின் தோழன்தான்.

தொலைக்காட்சி வந்து தியேட்டர் கூட்டத்தைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். 1969 டிசம்பரில், காட்ஸில்லா படங்களை எடுத்த தோஹோ நிறுவனம் பள்ளி விடுமுறைக்கென்று தனித் திரைவிழாவே தொடங்கியது. முதலில் போட்ட படம் அதே ஹோண்டா இயக்கியது. பழைய படங்களிலிருந்து எடுத்த காட்சிகள் ஏராளம் என்று அதை இன்றும் குறை சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் கதையைப் பாருங்கள். ஆலைப் புகை சூழ்ந்த கவாசாகி நகரத்தில் இச்சிரோ என்று ஒரு பையன். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பள்ளி விட்டு வந்தால் வீட்டில் யாரும் இல்லை. தெருவில் அடிக்கிற பையன்கள். பக்கத்து வீட்டுப் பொம்மை செய்கிறவர் ஒருவர்தான் துணை. அவன் கனவில் பூதங்களின் தீவுக்குப் போகிறான். அங்கே மினிலா அவன் உயரத்துக்குச் சுருங்கி, அவனோடு உட்கார்ந்து பேசுகிறது. அதையும் ஒரு முரட்டுப் பூதம் அடிக்கிறது! ஹிரோஷிமாவைப் பார்த்த மனிதர், சாவி வைத்துக்கொண்டு தனியே வீடு திறக்கும் பிள்ளையின் பயத்தையும் அதே அக்கறையோடு எடுத்தார். இதைத் தரம் இறங்கியது என்று எப்படிச் சொல்ல முடியும்?

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். 1971-இல் வந்த ஹெடோரா படத்தை மட்டும் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கழிவில் பிறந்து புகையைக் குடித்து வளரும் பூதம் அது. யொக்கைச்சி நகரத்தில் ஆலைப் புகையால் மக்கள் மூச்சுத் திணறிய காலத்தில் எடுத்தது. அதில் சாவுகள் நிஜமாகவே கலங்க வைக்கும்.

இப்போது நாம் பார்க்கப் போவது மினிலா படம். பயமில்லை. சின்னவர்கள் எல்லாரும் முன்னால் வந்து உட்காருங்கள். பெரியவர்கள் பின்னால் போய் இடம் விடுங்கள்.