எய்தவன் பெயரையும் பிராதில் எழுதுங்கள்

அவைத் தலைவர் அவர்களே, இன்றைய பட்டியலை முடித்த கையோடு மேடைக்கு வந்திருக்கும் மாவட்ட நீதிபதி அவர்களே, பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்த சங்கச் செயலாளர் அவர்களே, பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் சட்டக் கல்லூரி மாணவர்களே, வணக்கம்.

மூன்று செய்திகள்: வழக்குக்குப் பணம் போடும் செல்வந்தர், நீதிமன்றக் கட்டணம், இலவசச் சட்ட உதவி. 'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்' என்பார்கள். முதல் செய்தியே அதுதான்.

அமெரிக்க மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகனின் படுக்கையறைக் காணொளித் துண்டை 2012இல் காக்கர் இணையதளம் வெளியிட்டது. அசிங்கமான வேலை, அவர் வழக்குப் போட்டதில் தப்பே இல்லை. 2016 மார்ச்சில் ஃபுளோரிடா ஜூரி கொடுத்த தொகை மொத்தம் 14 கோடி டாலர். மே மாதம்தான் வெளியே வந்தது, ஹோகன் வழக்குக்குச் செலவு செய்தவர் பேபால் நிறுவனர்களில் ஒருவரான பீட்டர் தீல் என்று. ஏறக்குறைய 1 கோடி டாலர்! அவருடைய அந்தரங்கத்தை அதே நிறுவனத்தின் இன்னொரு தளம் 2007இல் எழுதியிருந்தது. ஒன்பது வருடப் பகை ஐயா!

வக்கீல்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எதிராளிக்குக் காப்பீடு இருந்தால் நமக்குக் கொண்டாட்டம், பணம் வந்து சேரும். அங்கே வாதி தரப்பு, காப்பீட்டு நிறுவனம் பணம் கட்ட வேண்டிவரக்கூடிய கோரிக்கையையே பாதியில் கைவிட்டது. வசூல் குறி என்றால் அப்படிச் செய்வார்களா? ஜூன் மாதம் காக்கர் திவால் மனு போட்டது. நவம்பரில் ஹோகன் 3 கோடியே 10 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனார். அம்பு கூலி வாங்கிக்கொண்டது. எய்தவன் பெயர் தீர்ப்பு வரும்வரை ஜூரிக்குத் தெரியாது.

நம் நாட்டிலும் இதற்குத் தடை இல்லை. 1876இலேயே, அன்று நமக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், பிறர் வழக்குக்குப் பணம் போடுவது தன்னளவில் குற்றமல்ல என்றது. 2018இல் உச்ச நீதிமன்றம், வக்கீல் போடக்கூடாது, மற்றவர் போடலாம் என்கிற கருத்தைச் சொன்னது. மகாராஷ்டிரம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25ஆம் கட்டளையைத் திருத்தி, வழக்குச் சொத்தில் பங்கு எழுதி வாங்கிக்கொண்டு பணம் போடுபவரிடம் எதிர்த்தரப்பின் செலவுக்குப் பிணை கேட்க வழி செய்தது. நல்ல வலை. ஆனால் பங்கே கேட்காமல் பகைக்காகப் பணம் கொட்டுபவர் அதில் சிக்கமாட்டார்.

ஆகவே நாங்கள் கேட்பது, பிராதோடு ஒரு பக்கப் பிரமாணப் பத்திரம். பணம் யாருடையது, ஜெயித்தால் அவருக்கு என்ன பங்கு, சமரசத்துக்கு அவர் சம்மதம் வேண்டுமா? மூன்றே வரி. மூன்றாவதுதான் முக்கியம்: கட்சிக்காரர் சமரசத்துக்குத் தயாராக இருந்தும் பணம் போட்டவர் விடாமல் இழுப்பது அங்கேதான் நடக்கும். எய்தவன் இருக்க அம்பை மட்டும் கூண்டில் ஏற்றுவானேன்?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நீதிமன்றக் கட்டணம் அடுத்த கூட்டத்துக்கு. சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. பிரமாணப் பத்திரம் கேட்கும் நம் தீர்மானத்தின் நகல் வாசல் மேசையில் இருக்கிறது, கையெழுத்தோடு பார் கவுன்சில் பதிவு எண்ணையும் எழுதுங்கள்.